இரண்டு ஹகம்கள்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய் வீட்டில் வந்திருந்து நாலு மாதமாகிவிட்டதாம். "காதியிடம் போக முந்தி ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொரு ஆள வச்சுப் பேசிப் பாப்பமெண்டு மாப்பிள வீட்டார் சொல்றாங்க. எங்கட பக்கத்துக்கு நீங்கதான் வரணும் காக்கா" என்றாள் தங்கை.

நான் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியன். மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்றவனல்லன், சட்டம் படித்தவனுமல்லன். 'ஹகம்' என்ற சொல்லை மேடைகளிலும் ஜும்ஆப் பிரசங்கங்களிலும் கேட்டிருக்கிறேனே தவிர, அந்தப் பாயில் நானே போய் உட்காரவேண்டி வரும் என்று நினைத்ததில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன். அந்த இரண்டு கிழமையும் வாசித்ததும், வாசிக்க வாசிக்க நினைவுக்கு வந்ததுமே இக்கட்டுரை.

முதலில் நினைவுக்கு வந்தது சாச்சியின் வழக்கு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சாச்சியின் புருஷன் தனுஷ்கோடிப் பக்கம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 1914இல் தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்துபோனது. தனுஷ்கோடி அழிந்தபோது அவருடைய முதலும் அழிந்தது. கடனை அடைக்கச் சாச்சியின் நகைகளைக் கேட்டு வாங்கினார். நகை திரும்பவில்லை. வார்த்தை தடித்தது. சாச்சி தாய் வீட்டில் வந்திருந்தாள்.

இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு உம்மம்மாவின் தம்பி. அவர்கள் பக்கத்துக்கு வயதான ஒரு தண்டையல், வள்ளம் ஓட்டி ஓய்ந்த மனிதர். இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து மூன்று இரவுகள் பேசினார்கள். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முதல் இரண்டு இரவும் நகைக் கணக்குத்தான். எத்தனை பவுன், எந்தக் கடையில் அடகு, வட்டி எவ்வளவு. மூன்றாம் இரவு அந்தத் தண்டையல் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது. "ரெண்டு ராவா நகைய எண்ணிட்டம். அந்தப் புள்ள வாழுவாளா மாட்டாளா எண்டு ஒருத்தரும் கேக்கயில்லயே."

சாச்சியைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அழைத்தார்கள். வாழுவேன், ஆனால் மாமி வீட்டில் இருக்கமாட்டேன், எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் இருப்பேன் என்றாள். நகையை மூன்று தவணையில் மீட்டுத் தருவதென்று முடிவாயிற்று. எழுதிவைக்கக் கடதாசி தேடியபோது என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்கள். மறுநாள் வாத்தியாரிடம் நான் அடி வாங்கியது தனிக் கதை. அந்தத் தாள் உம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் போயிற்று. சாச்சி அந்த மனிதரோடு அதே வீட்டில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தாள்.

ஹகம் என்பதன் மூலம் எல்லோரும் அறிந்ததே. கணவன் மனைவிக்கிடையே பிளவு உண்டாகும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் ஏற்படுத்தும்படி சூரத்துன் னிஸாவின் 35ஆம் வசனம் பணிக்கிறது. குடும்பப் பிணக்குக்காக அருளப்பட்ட இந்த வசனம் இஸ்லாமிய அரசியல் வரலாற்றின் மிகப் பெரிய தர்க்கம் ஒன்றிலும் சாட்சியாக நின்றது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கி.பி. 657இல் ஸிஃப்பீனில் அலீ (ரழி) அவர்களின் படையும் முஆவியா (ரழி) அவர்களின் படையும் மோதி, ஈற்றில் இரு தரப்பிலும் ஒவ்வொரு நடுவரை வைப்பதென்று உடன்பட்டன. தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது, மனிதர்களை நடுவராக்குவது பாவம் என்று கூறிக் கவாரிஜ்கள் பிரிந்து போனார்கள். அவர்களிடம் வாதாடச் சென்ற இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் எடுத்துக்காட்டிய ஆதாரங்களில் ஒன்று இந்தக் கணவன் மனைவி வசனம். ஒரு வீட்டுச் சண்டைக்கே மனிதர்களை நடுவராக்க அல்லாஹ் அனுமதித்திருக்கும்போது, ஒரு சமுதாயத்தின் இரத்தத்தைக் காக்க அது கூடாதா என்பது அவர்களின் கேள்வி.

அலீ (ரழி) அவர்களைப் பற்றிய இன்னொரு செய்தியும் தப்ஸீர் நூல்களில் உண்டு. கணவன் ஒருவனும் மனைவி ஒருத்தியும், இருவரோடும் பெருங்கூட்டமாக உறவினரும் அவர்களிடம் வந்தார்கள். இரண்டு நடுவர்களை நியமிக்கச் செய்து, சேர்த்துவைப்பது சரியெனக் கண்டால் சேர்த்துவையுங்கள், பிரிப்பது சரியெனக் கண்டால் பிரியுங்கள் என்று பணித்தார்கள். தனக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் ஏற்பதாக அந்தப் பெண் சொன்னாள். பிரிவதற்கு மட்டும் உடன்படமாட்டேன் என்றான் கணவன். அவள் ஒப்புக்கொண்டதைப் போல நீயும் ஒப்புக்கொள்ளும்வரை இங்கிருந்து போகமுடியாது என்று அவனிடம் கண்டிப்பாகக் கூறினார்கள் அலீ (ரழி).

இச்சம்பவத்தை வைத்து மத்ஹபுகள் இருவிதமாகப் பிரிந்தன. ஹகம்கள் நீதிபதிகளைப் போன்றவர்கள், தம்பதியரின் சம்மதமின்றியே பிரித்துவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றது மாலிகீ மத்ஹப். ஹகம்கள் தம்பதியரின் வகீல்கள் மட்டுமே, சம்மதமின்றி எதுவும் செய்யமுடியாது என்பது ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. நம் கரையில் நடைமுறையில் இருப்பது ஷாபிஈ மத்ஹப். ஆகவே நம் திண்ணைகளில் உட்கார்ந்தவர்கள் சேர்த்துவைக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். மறுக்கிற ஒருவனிடமிருந்து ஒரு பெண்ணை விடுவிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. இந்த மத்தியஸ்தத்தின் மென்மையும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கடலில் வந்துபோன காதி ஒருவரையும் இங்கே நினைக்கவேண்டும். மாலைதீவில் காதியாக இருந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக் கரையில் வந்திறங்கினார். அவர் பத்தாளா என்று குறிக்கும் இடத்தைப் புத்தளம் என்று ஆய்வாளர் கொள்வர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் முத்துக்களைப் பற்றிப் பேசியதையும் அவர் பதிந்திருக்கிறார். மாலைதீவில் காதியானதும் தாம் மாற்றிய முதற் கெட்ட வழக்கமாக அவர் சொல்வது ஒரு குடும்ப விடயம். தலாக் சொல்லப்பட்ட பெண்கள், மறுமணம் ஆகும்வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே தங்கும் வழக்கம் அங்கே இருந்தது. அதை அவர் தடுத்தார், மீறிய ஆண்களுக்குக் கசையடியும் கொடுத்தார். ஷரீஅத்தின்படி அவர் செய்ததில் பிழை காண முடியாது. ஆயினும் அந்தப் பெண்கள் அன்றிரவு எங்கே போய்ப் படுத்தார்கள் என்பதை அவர் எழுதவில்லை. சாச்சிக்கு அந்தக் கேள்வி எழவில்லை. வீடு அவளுடையதாக இருந்தது. திண்ணை மத்தியஸ்தத்தில் அவள் குரலுக்கு இருந்த பலத்தில் பாதி, அந்தச் சீதன வீட்டின் சுவரில்தான் சாய்ந்திருந்தது.

நமது குடும்பச் சட்டம் எழுத்துக்கு வந்த கதை வேறு. 1658இல் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், முஸ்லிம்களுக்கான சட்டக் கோவை ஒன்றை 1770இல் பத்தாவியாவிலிருந்து தருவித்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில், பின்னாளில் பிரதம நீதியரசரான அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியில், கொழும்பு முஸ்லிம் பெரியவர்களின் சம்மதத்தோடு 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக் கோவை பிரகடனமாயிற்று. வாரிசுரிமை, விவாகம் ஆகிய இரண்டையும் பற்றிய 102 பிரிவுகள் அதில் இருந்தன. அது கொழும்பு மாகாணத்துக்கு மட்டுமே உரியது. தீவின் ஏனைய பகுதி முஸ்லிம்களுக்கு அது விரிக்கப்பட்டது 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் கொழும்பில் கோவை இருந்தது, மன்னாரில் பள்ளிவாசலும் திண்ணையும் இருந்தன.

1886இல் விவாகப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1929இன் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தபோது காதி நீதிமன்றங்கள் உருவாகின. அதன் இடத்தில் 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டு 1954இல் அமுலுக்கு வந்தது. முக்கால் நூற்றாண்டாக நம் வீடுகளுக்குள் நடமாடுவது இந்தச் சட்டமே.

இதை நான் முதன்முறையாக முழுமையாக வாசித்தது அந்த இரண்டு கிழமைக்குள்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வாசித்தபோது ஒரு வியப்பும் ஏற்பட்டது. மனைவியை விவாகரத்துச் செய்ய விரும்பும் கணவன் முதலில் காதிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்கிறது அதன் இரண்டாம் அட்டவணை. உறவினர்களின் துணையோடும், ஊரின் பெரியவர்கள், செல்வாக்குள்ள முஸ்லிம்கள் ஆகியோரின் துணையோடும் இருவரையும் இணக்கப்படுத்தக் காதி முயலவேண்டும். முப்பது நாட்களுக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால் மாத்திரமே, காதியின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு தலாக் சொல்லலாம். எங்கள் வீட்டுத் திண்ணைதான் இப்படிச் சட்ட மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றக்கூடாது என்ற விதியும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஏழையும் செலவில்லாமல் வந்து வாய் திறந்து பேசட்டும் என்பதே நோக்கம்.

ஆனால் திண்ணையைச் சட்டமாக்கியபோது இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. திண்ணையில் இரண்டு பேர் இருந்தார்கள். சட்டத்தில் ஒரே காதி இணக்கம் பேசுபவராகவும் தீர்ப்புச் சொல்பவராகவும் ஆகிவிட்டார். பகலில் 'பொறுத்துப் போ மகளே' என்று சொன்ன அதே வாய், மறுதவணையில் 'உன் குற்றச்சாட்டை நிரூபி' என்று கேட்கவேண்டியதாயிற்று. இரண்டாவது, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்த பெண். காதியாகவோ விவாகப் பதிவாளராகவோ ஐந்து பேர் கொண்ட காதிகள் சபையின் உறுப்பினராகவோ ஆண்களே இருக்கலாம். பஸஹ் வழக்கில் காதியோடு அமரும் மூன்று ஜூரிமாரும் ஆண்களே. நிகாஹ் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக்கூடச் சட்டம் கேட்கவில்லை, வலீயின் கையொப்பம் போதும். வாழ்வாளா என்று தண்டையல் கேட்ட அந்தக் கேள்விக்குரிய கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

கைக்கூலி விடயமும் அப்படியே. பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலி மணமகளின் உபயோகத்துக்குரியது என்றே சட்டம் வரையறுக்கிறது. அதைத் திரும்பப் பெற்றுக்கொடுக்கக் காதிக்கு அதிகாரமும் உண்டு. இது நம் சட்டத்தின் நல்ல பக்கம். ஆனால் கைக்கூலி என்றால் பணமும் அசையும் பொருட்களும்தான். வீடும் வளவும் அதற்குள் வரமாட்டா. அவற்றுக்குச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். காதி விதிக்கும் தாபரிப்புப் பணத்தைக் கணவன் கட்டத் தவறினால், நீதவான் நீதிமன்றத்தின் மூலமே தண்டப்பணம் போல அறவிட வேண்டும். ஒரே கண்ணீருக்கு மூன்று வாசல்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு விடயத்தை வெளியே சொல்லாமலே நம்பியிருக்கிறது. ஊர் ஒன்று இருக்கும், அதில் உறவினரும் பெரியவரும் இருப்பார்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும் என்பதே அது.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் அந்த ஊர் இல்லாமற்போனது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், விடத்தல்தீவு, முசலிப் பிரதேசத்துக் கிராமங்கள் என ஊரூராக மக்கள் எழும்பினார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். தீவிலிருந்த நாங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தோம். நகை, பணம், உறுதிகள், பதிவுத் துண்டுகள் எதையும் கொண்டுவர விடவில்லை. உம்மம்மாவின் தகரப் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. என் ஐந்தாம் வகுப்புக் கொப்பித் தாளும் அதற்குள்ளேதான்.

புத்தளம் மாவட்டத்து முகாம்களில் கிடுகுத் தட்டிகளுக்கிடையே வாழ்ந்த அந்த ஆண்டுகளில் குடும்பங்கள் உடைந்ததை நான் கண்ணால் கண்டேன். தொழில் இழந்த ஆண்கள், பத்தடிக் குடிலுக்குள் மூன்று குடும்பம், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மார். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கணவன் வேறு ஊரில் இன்னொரு நிகாஹ் செய்துகொண்டு இவளுக்கு அறிவித்தல் அனுப்பினான். அவளோடு துணைக்குப் போனவன் நான். எந்த ஊர், எந்தக் காதி என்பது இங்கே தேவையில்லை, அந்த மனிதர் கெட்டவருமல்லர். நீதிமன்றம் என்று ஒன்றில்லை, ஒரு வீட்டின் முன் விறாந்தை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

"கைக்கூலி எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னாள். "எழுத்து இருக்கா?" மன்னாரில் கிடக்கிறது என்றாள். "சாட்சி?" ஒருவர் பாணந்துறையில் எங்கோ, மற்றவர் இந்தியாவுக்குப் படகேறிவிட்டார். "உங்கட பக்கத்துப் பெரிய ஆக்கள் ஆராவது வரயில்லயா?" அவளுடைய வாப்பா முகாமுக்கு வந்த இரண்டாம் வருடம் மௌத்தாகிவிட்டார். காக்கா சவூதியில். என்னைப் பார்த்தார். நான் தூரத்து உறவு, அந்த நிகாஹுக்குப் போகாதவன், எனக்கு எதுவும் தெரியாது. இணக்கப்படுத்தச் சட்டம் சொன்ன உறவினரும் பெரியவரும் அந்த விறாந்தையில் நான் மட்டுமே. வாய் பேசாமல் நின்றேன். பிள்ளைக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை என்று முடிந்தது. அதுவும் மூன்று மாதத்தோடு நின்றுபோயிற்று. நீதவான் நீதிமன்ற வாசலுக்கு அவள் போகவில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை என்றாள்.

ஒரு சமூகத்தின் மத்தியஸ்தம் அதன் நினைவாற்றலில்தான் நிற்கிறது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். நினைவைச் சிதறடித்தால் எழுத்துத் தேவை. எழுத்தையும் பறித்துவிட்டால் பலமுள்ளவன் சொல்வதே வரலாறாகிவிடும்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. நம் அகதிகள் பலர் போய்ச் சேர்ந்த கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 1991ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி ஷரீஅத்தின்படி குடும்பப் பிணக்குகளைத் தீர்க்கப்போவதாக 2003இல் ஒரு முஸ்லிம் நிறுவனம் அறிவித்தது. பெரும் விவாதம் எழுந்தது. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் முஸ்லிம் பெண்களே. அரசு நியமித்த மேரியன் பொய்ட், பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இதை அனுமதிக்கலாம் என்று 2004 டிசம்பரில் அறிக்கையளித்தார். ஆனால் 2005 செப்டம்பரில் மாகாண முதல்வர் டோல்டன் மெக்கின்ரி, எந்த மதத்தின் பேராலும் குடும்ப நடுவர் தீர்ப்பு இல்லை என்று அறிவித்து, 2006இல் அதைச் சட்டமாக்கினார். யூதர்களும் கிறிஸ்தவர்களும் அதுவரை செய்துவந்ததும் அதோடு சட்டவலுவை இழந்தது. பிரித்தானியாவிலோ 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு 2007இல் முஸ்லிம் நடுவர் மன்றம் தொடங்கிற்று.

அக்கரையைப் பார்த்தால், தமிழ்நாட்டு ஜமாஅத்துக்களில் பெண்ணைப் பற்றிய வழக்கைப் பெண் இல்லாமலே பேசி முடிக்கும் வழக்கத்தை எதிர்த்து, புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று ஒரு ஜமாஅத்தையே ஏற்படுத்தினார். 2000களின் முற்பகுதியில் அது பெரும் சர்ச்சையாயிற்று. சர்ச்சையை விட்டுப் பார்த்தால், அவர் கேட்டது தண்டையல் கேட்டதைத்தான். அந்தப் புள்ளயைக் கேட்டீங்களா?

இலங்கையில் இந்தச் சட்டத்தைத் திருத்தக் குழுக்கள் அமைவதும் அறிக்கைகள் தூசி பிடிப்பதும் பழகிப்போன கதை. ஷஹாப்தீன் குழு 1990இல் அறிக்கையளித்தது. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் ஸலீம் மர்ஸூப் குழு ஒன்பது வருடம் எடுத்து, 2018 ஜனவரியில் அறிக்கையைக் கையளித்தபோது இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றது. பெண்கள் காதியாகலாமா, திருமண வயது என்ன என்பவை பிரிந்த இடங்களுள் அடங்கும். பிறகு 2019 ஏப்ரல் தாக்குதலும் அதையொட்டி எழுந்த வெறுப்பும், உள்ளே நடந்த விவாதத்தை வெளியிலிருந்து வந்த நெருக்குதலாக மாற்றிவிட்டன. 2021இல் காதி நீதிமன்ற முறையையே நீக்குவதென்று அமைச்சரவை தீர்மானித்தது. சட்டமாகாமல் ஆண்டுகள் கடந்தன. நாம் திருத்தவும் இல்லை, அவர்கள் நீக்கவும் இல்லை. விறாந்தையில் பெண்கள் காத்து நின்றார்கள்.

காதி முறை வேண்டாம், எல்லாம் பொது நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்போரின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த விறாந்தையில் நின்றவன் நான். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு எத்தனை வருடம் இழுக்கும், சட்டத்தரணிக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதையும் முசலியில் ஒரு தாயிடம் கேட்டுப் பார்க்கவேண்டும். ஷரீஅத்தில் கைவைக்காதே என்போரிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. குர்ஆன் சொன்னது இரண்டு ஹகம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. நாம் வைத்திருப்பது ஒரு விறாந்தை, ஒரு கதிரை. இதில் ஷரீஅத் எங்கே குறைந்திருக்கிறது என்பதை யார் முதலில் சொல்லவேண்டும்? பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விடயங்களில் அவள் காதியாகவும் இருக்கலாம் என்ற ஹனபீ இமாம்களின் கருத்து ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்டது. அதைக் கொழும்பிலோ ஜெனீவாவிலோ யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

என் சிறு அறிவுக்குப் பட்டது இதுதான். இணக்கம் பேசுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் வேறு வேறாக இருக்கவேண்டும். ஹகம்களுக்குப் பயிற்சி வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாட்டின் மத்தியஸ்த சபைகளுக்கு ஆட்களைத் தெரிந்து பயிற்றுவிக்கிறார்கள், நம் காதிமாருக்கும் ஹகம்களுக்கும் மட்டும் ஏன் கூடாது? அடி உதை நடந்த வீட்டில் இணக்கத்தைத் திணிக்கக்கூடாது. பேசி முடித்தது எதுவானாலும் எழுத்தில் இருக்கவேண்டும், எழுத்தின் பிரதி அவள் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு கிழமை கழித்து எருக்கலம்பிட்டிக்குப் போனேன். யுத்தம் 2009இல் முடிந்தபின் திரும்பிப் போனவர்களில் தங்கை குடும்பமும் ஒன்று. பழைய சீதன வளவில் அத்திவாரக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேலேயே புது வீட்டை எழுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பக்கத்து ஹகம் வயதில் என்னிலும் இளையவர், மௌலவி, நல்ல மனிதர். உட்காரும் முன் அவரிடம் ஒன்று கேட்டேன். "மௌலவி, எங்கட சாச்சியும் பக்கத்தில இருக்கட்டும். புள்ள எங்களிட்டச் சொல்லாதத அவவிட்டச் சொல்லும்." அவர் சற்று யோசித்தார். "ஹகம் நீங்கதான். உங்களுக்கு ஆலோசனை சொல்ல ஆர் இருந்தாலும் எனக்கென்ன?" என்றார். எண்பது தாண்டிய சாச்சி வந்து கதிரையில் அமர்ந்தாள். திரைச்சீலை கட்டவில்லை.

மூன்று தடவை கூடினோம். மகளின் பேச்சைக் கேட்ட சாச்சி, இரண்டாம் நாளே என் காதில் "இது ஒட்டாது மகன்" என்றாள். என் ஆசையெல்லாம் சேர்த்துவைப்பதில் இருந்தது. சாச்சியின் வழக்கைப் போல இதுவும் முடியவேண்டும் என்று மனதுக்குள் கதை எழுதி வைத்திருந்தேன் போலும். அந்தப் பிள்ளை பட்டதைக் கேட்டபின் அந்தக் கதையைக் கைவிட்டேன். மௌலவியும் கைவிட்டார். மாப்பிள்ளையை உடன்படச் செய்தது அவர்தான். அலீ (ரழி) அவர்களின் அந்தச் சம்பவத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மஹர் பாக்கி, கைக்கூலி, இத்தாக் காலச் செலவு, பிள்ளைக்கு மாதம் எவ்வளவு, பிள்ளையை வாப்பா எந்த நாளில் வந்து பார்ப்பது எல்லாவற்றையும் எழுதினோம். இருவரும் ஒப்பமிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒப்பமிட்டோம். சாட்சியாகச் சாச்சியும் நடுங்கும் கையால் தன் பெயரை எழுதினாள். பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு காதியிடம் போனார்கள்.

மூன்று பிரதிகள் எடுத்திருந்தோம். ஒன்று அவனிடம், ஒன்று காதியின் கோப்பில். மூன்றாவதை அந்தப் பிள்ளை மடித்துத் தன் கைப்பையில் வைத்தபோது சாச்சி தடுத்தாள். "பைக்குள்ள வைக்காத. இன்னும் ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ட புத்தளத்தில மாமாட வீட்டிலயும் குடுத்து வை" என்றாள்.